புறவாசல் சென்சார் லைட்: ஒரு வருஷம் எரிந்த பிறகு எழுதுகிறேன்

எங்கள் வீட்டில் விடியற்காலை நாலு மணிக்கு முதலில் எழுந்திருப்பது அத்தைதான். புறவாசல் கதவைத் திறந்து, இருபத்தைந்து அடி நடந்து, மாட்டுத் தொழுவுக்குப் போய்ப் பால் கறக்க வேண்டும். பால்காரர் ஐந்தரைக்கெல்லாம் வந்து நிற்பார். போன வருஷம் பங்குனியில், அந்த இருபத்தைந்து அடிக்குள், வைக்கோல் படப்பின் ஓரத்தில் ஒரு கட்டுவிரியன் கிடந்தது. அத்தை கால் வைத்த இடத்துக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இருக்கும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு. கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. அன்றைக்கே முடிவு பண்ணினேன், புறவாசலுக்கு நல்ல வெளிச்சம் போட்டே ஆக வேண்டும் என்று. திருட்டுப் பயத்துக்காக வெளி லைட் வாங்குகிறவர்கள் இருப்பார்கள். நான் வாங்கியது அத்தையின் காலுக்காக.

எங்கள் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், இலஞ்சி பக்கம். ஊரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்குகிற காற்று இங்கே ஓட்டைத் தூக்கும், வாழையைச் சாய்க்கும். சாரல் மேலிருந்து விழாது, மேற்கிலிருந்து பக்கவாட்டில் வந்து முகத்தில் அடிக்கும். வெளியே மாட்டுகிற எந்தச் சாமானுக்கும் இங்கே அதுதான் பரீட்சை.

நான் இப்போது எழுதுவது இரண்டாவதாக மாட்டிய லைட்டைப் பற்றி. ஆனால் முதல் லைட்டின் கதையைச் சொல்லாமல் இரண்டாவதன் அருமை புரியாது.

முதலில் வாங்கியது 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட். சென்சார் கிடையாது, ஸ்விட்ச் போட்டால் எரியும். விலை 650 ரூபாய். கடையிலிருந்தே ஒரு ஆளை அனுப்பினார்கள், கூலி 300. அவர் வந்து, அடுக்களைச் சுவரில் இருந்த பழைய ஸ்விட்சிலிருந்து இரண்டு கோர் வயரை வெளியே இழுத்து, பின் சுவரோடு கிளாம்ப் போட்டு நிறுத்தியிருந்த பழைய ஆன்டெனா பைப்பின் உச்சியில் லைட்டைக் கட்டிவிட்டு, இருபது நிமிஷத்தில் போய்விட்டார். ராத்திரி ஸ்விட்சைப் போட்டதும் புறவாசல் முழுக்கப் பட்டப்பகலாகத் தெரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டு விஷயம் மட்டும் உறுத்தியது. ஒன்று, பின்வீட்டு ஆச்சியின் படுக்கையறை ஜன்னலில் நேராக வெளிச்சம் விழுந்தது. ஆச்சி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் சொல்லிவிட்டார். லைட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்துச் சமாளித்தோம். இரண்டாவது, ராத்திரி ஸ்விட்சை அணைத்த பிறகும் லைட்டுக்குள்ளே மின்மினி மாதிரி ஒரு மங்கல் இருந்துகொண்டே இருந்தது. எல்இடி என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஆனி பிறந்து சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். நான் முன்திண்ணையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். மழை கொஞ்சம் விட்டிருந்ததால் அத்தை ஈரத்துணியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனார். கொடிக்கம்பியின் ஒரு முனை மரத்தில், மறுமுனை அந்த ஆன்டெனா பைப்பில். ஈரச் சேலையை மேலே போட்ட உடனே சத்தம் கேட்டது.

“ஏளா, கொடியில சுள்ளுன்னு இழுக்குது!”

ஓடிப் போய்ப் பார்த்தேன். அத்தை தள்ளி நின்று கையை உதறிக்கொண்டிருந்தார். காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அந்தச் செருப்புக்கு நான் எத்தனை தடவை நன்றி சொன்னேன் என்று கணக்கில்லை. அடுக்களைக்குப் போய் ஸ்விட்சைப் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது. அப்புறம் எப்படிக் கரண்ட் வரும்? மெயினை அணைத்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் வரை யாரையும் புறவாசலுக்கே விடவில்லை.

மேலகரத்திலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். இந்த விமர்சனத்தில் பாதி அவருடைய வேலையைப் பற்றியதுதான். வந்ததும் லைட்டைத் தொடவில்லை. மெயினைப் போடச் சொல்லி, டெஸ்டரைக் கொடிக்கம்பியில் வைத்தார். எரிந்தது. பைப்பில் வைத்தார், அதுவும் எரிந்தது. அடுக்களை ஸ்விட்சைப் போட்டு, அணைத்து, இரண்டு தடவையும் பார்த்தார். ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் பைப்பில் டெஸ்டர் எரிந்தது. “யக்கா, ஸ்விட்ச நியூட்ரல்ல போட்டுருக்காங்க” என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வீட்டுக்கு வருகிற 230 வோல்ட் கரண்ட் பேஸ் வயரில் வருகிறது, நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. ஸ்விட்ச் எப்போதும் பேஸை வெட்ட வேண்டும். நியூட்ரலை வெட்டினாலும் லைட் அணையத்தான் செய்யும், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பேஸ் லைட்டுக்குள்ளேயே வந்து நின்றுகொண்டிருக்கும். ராத்திரி முழுக்க நான் பார்த்த அந்த மங்கல் வெளிச்சம் அதனுடையதுதான். வெட்டப்படாத பேஸிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த கரண்டில் எல்இடி மினுங்கிக்கொண்டிருந்தது. லைட் தன் கோளாறை இரண்டு மாதமாகக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. உங்கள் வீட்டு எல்இடி எதுவும் அணைத்த பிறகு இப்படி மினுங்கினால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். ஸ்விட்சில் இருக்கிற சின்ன இண்டிகேட்டர் விளக்காலும் அப்படி மினுங்குமாம், அது வேறு. எதனால் என்று பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

மெயினை அணைத்துவிட்டு, ஏணி போட்டு ஏறி லைட்டைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார். கண்ணாடிக்குள்ளே வியர்த்திருந்தது. திறந்தபோது ஒரு கரண்டித் தண்ணீர் இருந்தது. வயர் உள்ளே நுழைகிற துளை மேற்குப் பார்த்து இருந்ததால் சாரல் நேராக அதற்குள் அடித்திருக்கிறது. லைட்டிலிருந்து வருகிற மூன்று வயரில் பச்சை வயரை, அதாவது எர்த்தை, ஒட்ட வெட்டி விட்டிருந்தார்கள். மற்ற இரண்டையும் வீட்டு வயரோடு முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, பைப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். டேப்பை அவர் விரலால் தள்ளியதும் அது தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது.

தண்ணீர் பேஸைத் தொட்டது. தண்ணீர் அலுமினியப் பாடியையும் தொட்டது. பாடி பைப்பைத் தொட்டது, பைப் கொடிக்கம்பியைத் தொட்டது. எர்த் இருந்திருந்தால் அந்தக் கரண்ட் பச்சை வயர் வழியாக மண்ணுக்குப் போயிருக்கும். பச்சை வயர் இல்லாததால் யாராவது வந்து தொடட்டும் என்று கம்பியில் காத்திருந்தது. நான் துணி வெட்டித் தைக்கிறவள். உள்தையல் சரியில்லை என்றால் வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சட்டையை வாடிக்கையாளர் கையில் கொடுக்க மாட்டேன். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போன அந்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

சரி, இனி இரண்டாவது லைட்.

கம்பெனிப் பெயரைவிட, பெட்டியிலும் பாடியிலும் என்ன அச்சடித்திருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று அந்தத் தம்பி சொன்னார். அதனால் அதையே எழுதுகிறேன். 30 வாட், ஆள் நடந்தால் தானாக எரிய வைக்கிற சென்சாரோடு சேர்ந்தது. ஐபி 65. இதில் 6 என்பது தூசி துளியும் உள்ளே போகாது என்பதற்கு, 5 என்பது எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும் என்பதற்கு. 44 என்று போட்டிருந்தால் அது தெறிக்கிற தண்ணீரை மட்டும்தான் தாங்கும், எங்கள் ஊர்ச் சாரலுக்குப் போதாது. பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் அதோடு ஆர் என்று தொடங்குகிற பதிவு எண்ணும் இருந்தன. மின்னல் நேரத்தில் லைனில் திடீரென்று ஏறுகிற வோல்டேஜைத் தாங்க 4 கிலோவோல்ட் என்று போட்டிருந்தது. நிறம் 3000 கெல்வின், அதாவது மஞ்சள் கலந்த வெளிச்சம். விலை 1,450 ரூபாய்.

கடையில் அண்ணாச்சி 6500 கெல்வின் வெள்ளை லைட்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார். பளிச்சென்று இருக்கும், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார். நான் மஞ்சளைக் கேட்டதற்குக் காரணம் பூச்சி. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்கு வருகிற அளவு பூச்சி மஞ்சளுக்கு வருவதில்லை. ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பியபோது இதைக் கண்ணால் பார்த்தேன். தெரு விளக்கைச் சுற்றி மேகம் மாதிரி மொய்த்தது. எங்கள் லைட்டுக்கும் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் கால்வாசிகூட இருக்காது. ஒரு நிமிஷத்தில் லைட் அணைந்துவிடுவதால் வந்ததும் கலைந்துவிட்டது. ஈசல் விழுந்தால் தவளை வரும், தவளை வந்தால் பாம்பு வரும். பாம்புக்காக மாட்டுகிற லைட் பாம்பைக் கூப்பிடக் கூடாது அல்லவா?

மாட்டுகிற இடத்தில்தான் அந்தத் தம்பி அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பழைய பைப்பிலேயே கட்டிவிடலாமே என்றேன். அவர் அத்தையைப் பார்த்து, “ஆச்சி, நீங்க காலையில எப்படி நடப்பீங்களோ அப்படி ஒரு தடவ நடந்து காட்டுங்க” என்றார். அத்தை சொம்பு, வாளி எல்லாம் எடுத்துக்கொண்டு கதவிலிருந்து தொழு வரை நடந்து காட்டினார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பைப் கதவுக்குப் பின்னால், உயரத்தில் இருக்கிறது. அத்தை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது அத்தையின் நிழல் அத்தைக்கு முன்னாலேயே விழுகிறது. 50 வாட் லைட்டைப் போட்டுவிட்டு, கால் வைக்கிற இடத்தை மட்டும் இருட்டாக வைத்திருந்தோம்.

அவர் தேர்ந்தெடுத்தது பாதைக்கு இடது பக்கம் இருக்கிற குளியலறைச் சுவர். நடைபாதையின் நடுப்பகுதிக்கு நேராக, எட்டடி உயரத்தில், சன்ஷேடுக்கு அடியில். அங்கிருந்து வெளிச்சம் பாதையைக் குறுக்கே வெட்டி விழுகிறது. நிழல் வலது பக்கம் படப்புக்கு அந்தண்டை போய்விடுகிறது. தரையில் ஒரு கயிறு கிடந்தால்கூட அதன் நிழலோடு சேர்த்துத் தடிமனாகத் தெரிகிறது.

சென்சாருக்கும் அதே இடம்தான் சரியான இடம். இந்தச் சென்சார் தானாக எதையும் அனுப்பிப் பார்ப்பதில்லை. உடம்புச் சூடு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்வதைக் கவனிக்கிறது. முன்னால் இருக்கிற வெள்ளைக் குமிழில் வரிவரியாகக் கட்டம் இருக்கும். சூடு ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாண்டும்போதுதான் லைட் எரியும். குறுக்கே நடந்தால் சட்டென்று கட்டம் தாண்டும். நேராகச் சென்சாரைப் பார்த்து நடந்துவந்தால் ஒரே கட்டத்துக்குள் வந்துகொண்டே இருப்போம், பக்கத்தில் வரும்வரை அதற்குத் தெரியாது. அதனால் கண்ணுக்கு ஏற்ற இடமே சென்சாருக்கும் ஏற்றதாக அமைந்துவிட்டது. வெளி லைட் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் வாசலுக்கு மேலே நடுவாக, அழகுக்காக மாட்டுகிறார்கள். நடக்கிற பாதைக்குப் பக்கவாட்டில் ஒரு சுவர் இருந்தால் அங்கே மாட்டுங்கள்.

குளியலறைச் சுவர் பழையது. செங்கல், சுண்ணாம்புக் காரை. துளை போடும்போது அந்தத் தம்பி ஒரு காகிதத்தை அடியில் பிடிக்கச் சொன்னார். வெள்ளைப் பொடி விழுந்ததும் டிரில்லை எடுத்துவிட்டார். “காரையில போனா பிளக் நிக்காது யக்கா, காத்துக்கு ஆடி ஆடி வந்துரும்.” இரண்டு விரல் தள்ளிப் போட்டார், சிவப்புப் பொடி விழுந்தது. அதுதான் செங்கல். 8 மில்லிமீட்டர் துளை, நைலான் பிளக், துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ. தப்பாகப் போட்ட துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். ஆடிக் காற்று முழுவதும் பார்த்தேன், லைட் ஒரு நூல்கூட அசையவில்லை.

வயர் மூன்று கோர், 1.5 சதுர மில்லிமீட்டர், செம்பு. அடுக்களை ஸ்விட்சிலிருந்து சன்ஷேடுக்கு அடியோடு பிவிசி பைப்புக்குள் போகிறது. வெறும் வயராக வெயிலில் விட்டால் மேல்தோல் இரண்டு மூன்று வருஷத்தில் மொறுமொறுத்து வெடித்துவிடும் என்றார். லைட்டோடு வருகிற வயர் ஒரு சாண்தான் இருக்கிறது, அது இந்தப் பொருளின் ஒரு குறை. அதனால் வெளியே ஒரு இடத்தில் இணைத்தே ஆக வேண்டும். அந்த இணைப்பை ரப்பர் வளையத்தோடு மூடுகிற ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, ஸ்க்ரூ கனெக்டரில் முடுக்கினார். வயர் நுழைகிற கழுத்து பெட்டியின் அடிப்பக்கம். கழுத்துக்கு வரும் முன் வயரைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்து மேலே ஏற்றினார். வயர் மேல் வழிகிற தண்ணீர் வளைவின் அடியில் போய்ச் சொட்டிவிடும், மேலே ஏறிப் பெட்டிக்குள் போகாது. சாரல் நேரத்தில் போய் நின்று பார்த்தால் அந்த வளைவின் நுனியில் சொட்டு சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். எவ்வளவு சின்ன வேலை! முதல் ஆள் அதற்கு ஐந்து விநாடி செலவழித்திருந்தால் போதும்.

எர்த் கொடுப்பதற்கு முன்னால், வீட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். பிளக்கில் மூன்றாவது துளை இருக்கிறதே என்றேன். துளை இருந்தால் ஆயிற்றா என்று கேட்டுவிட்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்துப் பார்த்தார். பல்பு அகல் விளக்கு மாதிரி மங்கலாக எரிந்தது. கிணற்றடியில் இருந்த எர்த் குழியைத் தோண்டினார். குழாயோடு கம்பியைப் பிணைத்திருந்த கிளாம்ப் துருவேறி, சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி, புது போல்ட் போட்டு முடுக்கி, குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மறுபடியும் பல்பைக் கொடுத்தபோது கண் கூசுகிற அளவுக்குப் பளிச்சென்று எரிந்தது. மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் முறை, இது கைப்பழக்கம் என்றும் சொன்னார். இதை யாரும் வீட்டில் தாங்களே செய்து பார்க்காதீர்கள், தெரிந்தவர் செய்ய வேண்டியது. ஆனால் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் கிரைண்டரும் மோட்டாரும் ஃபிரிட்ஜும் சரியான எர்த் இல்லாமலே ஓடியிருக்கின்றன.

அதோடு மெயினில் ஒரு ஆர்சிசிபி போட்டார், 30 மில்லி ஆம்பியர். பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கேயாவது கசிந்து வித்தியாசம் அந்த அளவுக்குப் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழுகிற எம்சிபி இருக்கிறதே, அது போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். எம்சிபி வயரையும் சாமானையும் காப்பாற்றுகிறது, ஆளைக் காப்பாற்ற ஆர்சிசிபி வேண்டும். அதில் டி என்று ஒரு பட்டன் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அமாவாசையன்று அழுத்திப் பார்ப்பேன். விழுந்தால் சரியாக இருக்கிறது.

செலவுக் கணக்கு: லைட் 1,450. வயர், பைப், பெட்டி, ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 900. ஆர்சிசிபி 1,900. கூலி 1,000. மொத்தம் 5,250 ரூபாய். முதல் தடவை 950-இல் முடிந்ததே என்று வீட்டில் கேட்டார்கள். அத்தை கையை நீட்டிக் காட்டினார், கேட்டவர் அப்புறம் பேசவில்லை.

சென்சாரைப் பழக்கப்படுத்த ஒரு வாரம் ஆனது. அடியில் மூன்று சின்னத் திருகு இருக்கிறது. ஒன்று எவ்வளவு தூரத்தில் ஆளைக் காண வேண்டும் என்பதற்கு, ஒன்று எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு, ஒன்று எவ்வளவு இருட்டானால் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு. மூன்றுக்கும் எழுத்து எறும்பு அளவு, பாடியின் நிறத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஏணியில் நின்றுகொண்டு டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. அட்டையில் தமிழில் ஒரு வரி கிடையாது. இங்கே விற்கிற பொருளுக்கு அதையாவது செய்யலாம்.

முதல் ராத்திரி லைட் அணையவே இல்லை. பார்த்தால் மாடு. தொழு சென்சாரின் பார்வைக்குள் இருந்தது. மாட்டுக்கு உடம்பு பெரியது, சூடும் அதிகம், வாலை வீசினாலும் தலையை ஆட்டினாலும் போதும். அந்தத் தம்பியைப் போனில் கேட்டேன். குமிழின் வலது ஓரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அரை விரல் அகலத்துக்கு ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். தொழுப் பக்கம் அதற்குக் கண் மறைந்துவிட்டது, பாதை மட்டும் தெரிகிறது. அதற்குப் பிறகு மாட்டுக்கும் தூக்கம், லைட்டுக்கும் தூக்கம்.

ஆடிக் காற்றில் வாழையிலை ஆடி இரண்டு மூன்று தடவை எரிந்தது. தூரத்துத் திருகைக் கொஞ்சம் குறைத்ததும் நின்றது. பல்லி குமிழ் மேலேயே ஏறி ஓடினால் எரிகிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கரண்ட் போய் வரும்போது தானாகவே ஒரு நிமிஷம் எரிந்துவிட்டு அணையும், அது சென்சார் தயாராகிற நேரம், கோளாறில்லை. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் சாயங்கால நேரம் கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது. வெளிச்சூடும் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இருபத்தைந்து அடியில் காண வேண்டியவரைப் பதினைந்து அடியில்தான் காண்கிறது. விடியற்காலையில் தரை குளிர்ந்திருப்பதால் அந்தக் குறை தெரிவதில்லை.

ஒரே ஒரு ராத்திரிதான் இந்த லைட் என்னைக் கஷ்டப்படுத்தியது. கார்த்திகையில் மாடு கன்று போட்டது. ராத்திரி இரண்டு மணி, மழை வேறு. நாங்கள் மூன்று பேரும் தொழுவில் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம், அசைவு தெரியாததால் லைட் ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைகிறது. என் மகன் வெளியே நனைந்துகொண்டே கையை ஆட்டிக்கொண்டு நின்றான். தொடர்ந்து எரிகிற மாதிரி ஒரு வசதி இதில் இல்லை. நேரத் திருகை முழுக்கத் திருப்பினாலும் ஏழு நிமிஷம்தான். வாங்குகிறவர்கள் அந்த வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பக்கத்தில் சாதாரண பல்பு ஒன்று தனி ஸ்விட்சில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தொழுவுக்குள் 9 வாட் பல்பு ஒன்று போட்டுவிட்டோம்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பழைய 50 வாட் லைட் ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 0.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று இருந்தபோது அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு லைட்டே தின்றுவிடும். இது ஒரு ராத்திரிக்கு நாற்பது தடவை, தடவைக்கு ஒரு நிமிஷம் எரிந்தாலும் 20 வாட் மணிதான் ஆகிறது. சென்சார் விழித்திருப்பதற்கும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட் அளவில் நிற்கிறது.

கண்ணாடியை மாதம் ஒரு தடவை ஸ்விட்சை அணைத்துவிட்டு ஈரத்துணியால் துடைக்கிறேன். ஒரு வருஷத்தில் உள்ளே ஒரு சொட்டு வியர்வைகூடப் பிடிக்கவில்லை. இடி மின்னல் பலமாக இருந்தால் ஸ்விட்சை அணைத்துவிடுகிறோம். லைட்டுக்கு ஐந்துக்கு நாலு போடுவேன். எறும்பு எழுத்துக்கும் அந்த ஏழு நிமிஷத்துக்கும் ஒன்று குறைத்துவிட்டேன். மாட்டிய கைக்கு ஐந்தும் போடுவேன்.

கொடிக்கம்பியை அன்றைக்கே அறுத்து எறிந்துவிட்டு நைலான் கயிறு கட்டினோம். ஆன்டெனா பைப்பையும் பிடுங்கியாயிற்று. அத்தை இப்போது கதவைத் திறந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் லைட் எரிந்துவிடுகிறது. முதல் வாரம் அவர் அதை அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டுத்தான் நடந்தார். இப்போதெல்லாம் தரையைப் பார்த்தே நடக்கிறார். போன வாரம் பின்வீட்டு ஆச்சி தங்கள் புறவாசலுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார். மேலகரத்துத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறார். ஆச்சி வீட்டு எர்த் குழி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அதைத்தான் முதலில் தேட வேண்டும்.